ஃபார்னேசே ஹெர்குலிஸ்: பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் உண்டா?

தேர்முட்டி (இழையைத் தொடங்கியவர்)

கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் சிலை என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்குச் சிலைதான். ஃபார்னேசே ஹெர்குலிஸ் என்பார்கள். உயரம் 3.17 மீட்டர். அந்தப் படம் எங்கே வந்தாலும் கீழே பேச்செல்லாம் உடற்கட்டைப் பற்றித்தான். மார்பைப் பார், தோளைப் பார், வயிற்றைப் பார் என்று. எனக்கு அதில் பெரிய வருத்தம். பலத்தைக் காட்டுவதற்காக மட்டும் செய்த சிலை இல்லை அது.

நிதானமாகப் பாருங்கள். தாடி வைத்த நடுவயது ஆள். தலை குனிந்திருக்கிறது. இடது அக்குளுக்கு அடியில் தன் தடியை முட்டுக் கொடுத்திருக்கிறான். தடியின் மேல் அவன் கொன்ற நெமேயா சிங்கத்தின் தோல். தடி ஒரு பாறையில் ஊன்றியிருக்கிறது. இடது கை பிடிமானம் எதுவும் இல்லாமல் தொங்குகிறது. எடை முழுக்க வலது காலில். இவ்வளவு பெரிய உடம்பு, அந்தத் தடியை உருவிவிட்டால் அப்படியே சரிந்துவிடும் போல நிற்கிறது.

வலது கை எங்கே? முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் அந்தக் கையில் ஆப்பிள்கள். ஹெஸ்பெரிடஸ் கன்னியரின் தோட்டத்துத் தங்க ஆப்பிள்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீரா என்ற தெய்வம் ஏவிய பித்தில் ஹெர்குலிஸ் தன் பிள்ளைகளைத் தானே கொன்றுவிடுகிறான். டெல்ஃபியில் குறி கேட்கிறான். யூரிஸ்தியஸ் என்ற மன்னனுக்கு ஊழியம் செய், அவன் ஏவுகிற வேலைகளை முடி என்று வருகிறது. அதுதான் பன்னிரண்டு பணிகள். ஆப்பிளைக் கொண்டுவருவது பழைய புராணத் தொகுப்பாளர் அப்போலோடோரஸ் வரிசையில் 11ஆவது, வேறு சிலர் சொல்லும் வரிசையில் அதுவே கடைசி. வானத்தைச் சுமக்கும் அட்லஸ் போய்ப் பறித்து வரும்வரை அந்த வானத்தையே இவன் தோளில் தாங்கினான் என்று ஒரு வடிவம் உண்டு. சாகாவரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பழம் அது. அது கைக்கு வந்தாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் துளி மகிழ்ச்சி இல்லை. பெற்ற பிள்ளைகளைக் கொன்றவனுக்கு சாகாவரம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த உருவத்தை முதலில் வார்த்தவர் லிசிப்போஸ். சிக்கியோன் ஊர்க்காரர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு, அலெக்சாண்டருக்குப் பிடித்த சிற்பி. அது வெண்கலம், இப்போது இல்லை. நேப்பிள்ஸில் இருப்பது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த பளிங்குப் பிரதி. ரோமில் 216இல் திறந்த கரகல்லா குளியல் மண்டபத்தில் நின்றது. தடிக்குக் கீழே உள்ள பாறையில் 'ஏதென்ஸ்காரன் கிளைக்கோன் செய்தது' என்று கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறது. கிளைக்கோன் பெயர் நமக்குத் தெரிவதே அந்த ஒரு வரியால்தான்.

நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், பின்னால் போய் நின்றபோது என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

---

கடலோடி

நான் பார்த்திருக்கிறேன் நண்பரே. கப்பல் நேப்பிள்ஸில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்த நேரத்தில் போனேன். முசேயோ மெட்ரோ நிறுத்தத்தில் இறங்கினால் ஏறக்குறைய எதிரிலேயே அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் தெரியாத ஒன்று: அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவன் முகம் குனிந்திருப்பதால், கீழே நிற்கிற நம்மைத்தான் பார்க்கிறான் என்று நெருங்கும்போது தோன்றுகிறது. பக்கத்தில் போனதும் அப்படி இல்லை என்று தெரிகிறது. அந்தப் பார்வை நம்மைத் தாண்டித் தரையில் எங்கோ போகிறது. பின்னால் போய் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலைப் பார்த்து நிற்கும் பெரியவர்களின் முதுகு மாதிரியே இருந்தது.

ஒரு சந்தேகம். அதே கூடத்தில் ஒரு ஜோடிப் பளிங்குக் கால்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். அது யாருடைய கால்?

---

செவ்வந்தி

> ஒரு ஜோடிப் பளிங்குக் கால்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். அது யாருடைய கால்?

அதுவும் ஹெர்குலிஸ் கால்தான் அண்ணா. இருநூறு வருடங்களுக்கு மேல் இவன் அந்தக் காலில்தான் நின்றான்.

1540களில் போப் மூன்றாம் பவுல் கரகல்லா குளியல் மண்டபத்தில் தோண்ட வைத்தார். அவர் ஃபார்னேசே குடும்பத்தவர். ரோமில் குடும்ப மாளிகை எழும்பிக்கொண்டிருந்த நேரம் (இன்று அதில் பிரெஞ்சுத் தூதரகம் இருக்கிறது), அதை அலங்கரிக்கச் சிலைகள் வேண்டியிருந்தன. 1546இல் இந்தச் சிலை கிடைத்தது, ஆனால் துண்டு துண்டாக. கால்கள் அகப்படவில்லை. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதிதாகக் கால்கள் செய்து பொருத்தினார். அப்புறம் பழைய கால்களும் கிடைத்துவிட்டன. அப்படியும் மாற்றவில்லை. நம் காலத்துச் சிற்பிகளும் பழையவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று தெரியட்டும், புதுக் காலே இருக்கட்டும் என்று மைக்கலாஞ்சலோ சொன்னதாகப் பின்னால் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பழைய கால்கள் போர்கீசே குடும்பத்திடம் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சிலையோடு சேர்ந்தன. அந்த நேரத்தில் ரோமில் இருந்த ஜெர்மன் கவிஞர் கோதே 1787இல் போய்ப் பார்த்துவிட்டு, தெல்லா போர்த்தாவின் கால்களை இத்தனை காலம் எப்படி நல்லவை என்று நினைத்தோம் என்று வியந்து எழுதினார். அதே காலத்தில்தான் சிலை ரோமை விட்டு நேப்பிள்ஸ் போனது. ஃபார்னேசே சொத்தெல்லாம் எலிசபெத்தா ஃபார்னேசே வழியாக அவர் மகன் சார்லஸுக்கும் பிறகு நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்டினான்டுக்கும் வந்துவிட்டது. அவர்தான் கொண்டுபோனார்.

---

உளியோசை

நான் கல்வேலை செய்கிறவன். செவ்வந்தி சொன்ன கால் விவகாரத்தைத் தொழில்காரன் கண்ணோடு கொஞ்சம் சொல்கிறேன்.

வெண்கலச் சிலை உள்ளே வெற்றிடமாக வார்ப்பது. இரண்டு கணுக்காலில் ஆளை நிறுத்திவிடலாம். பளிங்கில் அது நடக்காது. மேலே உள்ள எடை முழுவதும் கணுக்காலில் வந்து இறங்கும், அங்கேதான் முறியும். அதனால்தான் ரோமர்கள் பளிங்கில் செய்த பிரதிகளில் காலோடு ஒரு மரக்கட்டையோ தூணோ ஒட்டிக்கொண்டு நிற்கும். பல சிலைகளில் அது கண்ணை உறுத்தும், சிற்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

இந்தச் சிலையில் அந்தத் தொல்லை இல்லை. தடியும் பாறையும் சிங்கத்தோலும் கதைக்கு உள்ளேயே இருப்பவை. ஆளும் அதில்தான் சாய்ந்திருக்கிறான், கல்லும் அதில்தான் சாய்ந்திருக்கிறது. லிசிப்போஸ் வெண்கலத்துக்காக யோசித்த நிலை, கல்லுக்கு இவ்வளவு தோதாக வந்து விழுந்தது பெரிய விஷயம். இந்த உருவத்துக்கு இத்தனை பளிங்குப் பிரதிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தாடியையும் தலைமுடியையும் கவனியுங்கள். சுருள்களுக்கு நடுவே ஆழமான இருட்டுக் குழிகள் தெரியும். அது துரப்பணம் போட்டுக் குடைந்தது, உளியால் மட்டும் வராது. பெரிய மண்டபத்தில் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் இப்படி நிழலை வெட்டித்தான் ஆக வேண்டும்.

---

ராகவி

எல்லாரும் ரசிக்கிறீர்கள். எனக்கு ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஓய்வாகச் சாய்ந்து நிற்கிற ஆளின் தசை இப்படி முறுக்கிக்கொண்டு நிற்காது. வயிற்றைப் பாருங்கள், விலாப் பக்கத்தைப் பாருங்கள், ஏதோ பாரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பது போல ஒவ்வொரு கட்டும் திரண்டு நிற்கிறது. நிலை சொல்வது ஒன்று, தோல் சொல்வது இன்னொன்று. லிசிப்போஸைப் பற்றி பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதும்போது, முன்னிருந்தவர்களைவிடத் தலையைச் சிறிதாக்கி உடலை மெலிவாகவும் இறுக்கமாகவும் செய்தார் என்கிறார். தலை சிறிது, அது இங்கேயும் இருக்கிறது. மெலிவு எங்கே? இந்த ஊதிப்போன உடம்பு கிளைக்கோன் ரோமானிய ரசனைக்காகச் சேர்த்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இதே உருவத்தின் மற்றப் பிரதிகளில் பல இவ்வளவு மிகையாக இல்லை.

தேர்முட்டி அண்ணா, நீங்கள் பாராட்டும் அந்தச் சோகத்தை மறைப்பதே கிளைக்கோனின் கைவேலைதான். எல்லாரும் தசையை மட்டும் பார்க்கிறார்கள் என்று கோபப்படுகிறீர்களே, பார்க்கச் சொன்னதே அவர்தானே?

---

தேர்முட்டி

ராகவி, நல்ல கேள்வி. உடம்பு மிகை என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அது நின்ற இடத்தை வைத்துப் பாருங்கள். கரகல்லா குளியல் மண்டபத்தின் குளிர்நீர்க் கூடம், மலை போன்ற தூண்கள், உச்சியில் வளைவுக் கூரை. அந்தத் தூண்களுக்கு நடுவே மெலிந்த ஆளை நிறுத்தியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான். அதே இடத்தில் இவனுக்கு ஜோடியாக இன்னொரு ஹெர்குலிஸும் கிடைத்தது, அது இப்போது கசெர்த்தா அரண்மனையில் இருக்கிறது.

அந்தக் கூடத்தில் நடமாடியவர்கள் யார்? உடற்பயிற்சி செய்து, எண்ணெய் தேய்த்து, குளிக்க வந்தவர்கள். தங்கள் உடம்பைப் பற்றிப் பெருமையோடு வந்தவனுக்கு முன்னால் தன்னைவிடப் பத்து மடங்கு பலசாலி ஒருவன் நிற்கிறான், அவனும் களைத்துப் போயிருக்கிறான். உடம்பு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் களைப்பு உறைக்கும். மெலிந்தவன் களைத்து நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் கிளைக்கோன் சோகத்தைக் கெடுத்தார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பின்பக்கத்தின் அருமையை நமக்கு முன்பே உணர்ந்த ஒருவர் உண்டு: டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ். ரோமுக்குப் போய் இந்தச் சிலையை வரைந்து வந்து 1592 வாக்கில் செப்புத் தகட்டில் செதுக்கினார், அது அச்சாகி வந்தது 1617இல். அதில் நமக்குத் தெரிவது முதுகும் ஆப்பிள் வைத்த கையும் மட்டும்தான். கீழே ஓரத்தில் இரண்டு பேர் அண்ணாந்து முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆப்பிள் தெரியாது, நமக்கு முகம் தெரியாது. எத்தனை நாள் பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

---

இரும்புத்தோள்

உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறவன் நான். எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் சார். புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ 1890களில் உடம்பைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டபோது இதே சிலையின் நிலையில் நின்றார். தடி, சாய்வு எல்லாம் அப்படியே. பழைய சிலைகளின் அளவைத்தான் தன் உடம்புக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். அவர் 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்தியிருக்கிறார். நம் சாண்டோ சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் இருப்பது அவர் பெயர்தான். இந்தச் சிலையைப் பார்த்துத் தசையைப் பேசுகிறவர்கள் எல்லாரும் மேலோட்டமானவர்கள் இல்லை. உடம்பை வருத்தி வளர்த்தவனுக்குத்தான் கடைசி எடையைக் கீழே வைத்ததும் வரும் அந்தத் தளர்ச்சி தெரியும். முதல் பதிவைப் படித்ததும் அதைத்தான் நினைத்தேன்.

---

தேர்முட்டி

அருமை. இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

---

வைகைக்கரை

ஹெர்குலிஸுக்கும் பாண்டியருக்கும் தொடர்பு உண்டு என்று சந்திரகுப்த மௌரியர் காலத்துக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதியிருக்கிறாரே, அதை ஏன் யாரும் தொடவில்லை? ஹெர்குலிஸின் மகள் பாண்டேயா தென்னாட்டை ஆண்டாள் என்று படித்திருக்கிறேன்.

---

செவ்வந்தி

> ஹெர்குலிஸின் மகள் பாண்டேயா

மெகஸ்தனிஸின் நூல் நேரடியாகக் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பகுதிகள்தான் இருக்கின்றன. அரியன் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எடுத்துச் சொல்வது இது: இந்தியாவில் ஹெர்குலிஸுக்கு ஆண்பிள்ளைகள் பலர், பெண் ஒருத்திதான், பெயர் பாண்டேயா. அவள் பிறந்து, ஆளும்படி பெற்ற நாட்டுக்கும் அவள் பெயரே வந்தது. தகப்பன் அவளுக்கு 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை கொடுத்தான். கடலில் கண்டெடுத்த முத்தை மகளுக்கு நகையாக்கினான் என்றும் வருகிறது. பாண்டிய நாட்டையும் கொற்கை முத்தையும் நினைக்காமல் இதைப் படிக்க முடியாது.

ஆனால் அந்த ஹெர்குலிஸ் இந்தச் சிலையில் நிற்பவன் இல்லை. கிரேக்கர்கள் போன இடத்தில் எல்லாம் உள்ளூர்த் தெய்வத்துக்குத் தங்கள் தெய்வத்தின் பெயரை வைத்தே பேசுவார்கள். அந்தத் தெய்வத்தை சூரசேனர்கள் மெதோரா நகரில் கொண்டாடினார்கள் என்று அதே பகுதியில் இருக்கிறது. அது யமுனைக் கரை மதுரா. அதனால் கிருஷ்ணனைத்தான் சொல்கிறார் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஹெர்குலிஸ் உருவம் கிழக்கே வந்தது என்றால் அது வேறு வழியில் வந்தது. பாக்திரியாவின் கிரேக்க அரசர்கள் காசுகளில் அவனை அச்சடித்தார்கள். ஆப்கானிஸ்தானின் ஹட்டாவில் புத்தர் அருகே உட்கார்ந்திருந்த அவருடைய காவலர் வஜ்ரபாணி, தோளில் சிங்கத்தோலோடு அப்படியே ஹெர்குலிஸ் சாயலில் இருந்தார். கையில் தடிக்குப் பதிலாக வஜ்ரம்.

---

நெய்தல்

நேப்பிள்ஸ் சிலையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். துருக்கியின் அந்தால்யா அருங்காட்சியகத்தில் இதே உருவத்தின் இன்னொரு பிரதி உண்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதன் கதையைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது.

1980இல் பெர்கே என்ற பழைய நகரத்தில் ஜாலே இனான் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டிக்கொண்டிருந்தார். துருக்கியின் முதல் பெண் தொல்லியலாளர். இடுப்புக்குக் கீழே ஹெர்குலிஸ் கிடைத்தான், மேல்பாதி இல்லை. மறு வருடம், 1981இல், அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் ஒரு தனியார் சேகரிப்பாளர் தம்பதியும் பாதிப் பாதி பங்கு போட்டு ஒரு ஹெர்குலிஸின் மேல்பாதியை வாங்கினார்கள். 1990இல் அது நியூயார்க்கில் காட்சிக்கு வந்தபோது, இரண்டும் ஒரே சிலை என்ற பேச்சு வெளிப்படையாகக் கிளம்பியது. 1992இல் இரண்டு பாதிகளின் அச்சுகளையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. சிலை பழங்காலத்திலேயே உடைந்திருக்கலாம், மேல்பாதி எப்போதோ வெளியே போயிருக்கலாம் என்று பாஸ்டன் பக்கமிருந்து வாதம் வந்தது. மண்ணுக்கு அடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று துருக்கியில் 1906லேயே சட்டம் இருந்தது. 2011 செப்டம்பரில்தான் மேல்பாதி திரும்பி வந்தது, துருக்கிப் பிரதமரின் விமானத்திலேயே கொண்டுவந்தார்கள். அந்தால்யாவில் இரண்டையும் ஒட்டி நிறுத்தினார்கள். ஜாலே இனான் 2001லேயே காலமாகிவிட்டார். தான் தோண்டி எடுத்த சிலை முழுதாக நிற்பதை அவர் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் மனதை அறுக்கிறது.

---

உளியோசை

நெய்தல், நல்ல வேளை எழுதினீர்கள். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் ஒட்டு தெரிகிற மாதிரிதான் விட்டிருக்கிறார்கள். அது சரியான முறை. உடைந்த கதையும் அந்தச் சிலையின் பகுதிதான், பூசி மறைக்கக்கூடாது.

---

ராகவி

அந்தால்யா பிரதியைப் பார்த்தால் நான் சொன்னது விளங்கும். வயிறு இவ்வளவு முறுக்கேறி இல்லை, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். லிசிப்போஸுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்பேன். கிளைக்கோன் கூடத்தை நிரப்பினார், சரி. ஆனால் எந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது 'இவன் களைத்திருக்கிறான்' என்று உடனே படுகிறது என்று கேட்டால், நான் அந்தால்யாவைத்தான் காட்டுவேன்.

---

கடலோடி

அந்தால்யா துறைமுகம் பக்கம் எங்கள் கப்பல் போவதுண்டு. அடுத்த முறை அமைந்தால் பார்த்துவிட்டு எழுதுகிறேன் ராகவி.

இன்னொரு தகவல். ஜெர்மனியின் காசல் நகரத்தில் மலை மேல் இதே ஹெர்குலிஸ் செப்புத் தகட்டில் நிற்கிறான், 8 மீட்டருக்கு மேல் உயரம், 1717இல் முடித்தது. அடியிலிருந்து மலைச்சரிவில் தண்ணீர் படிப்படியாக இறங்கி வரும்படி செய்திருக்கிறார்கள். அங்கே பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் மலையைத்தான் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

---

செவ்வந்தி

தேர்முட்டி அண்ணாவிடம் ஒரு கேள்வி பாக்கி. தெல்லா போர்த்தாவின் கால்களை எடுத்தது சரி என்கிறீர்களா? இருநூறு வருடத்துக்கு மேல் உலகம் பார்த்த ஹெர்குலிஸ் அந்தக் கால்களோடுதான். நீங்கள் சொன்ன கோல்ட்சியஸ் படத்தில் இருப்பதும், ஓவியர் ரூபென்ஸ் ரோமில் இருந்தபோது வரைந்ததும் அந்தக் கால்கள்தான்.

---

தேர்முட்டி

எடுத்தது சரிதான் செவ்வந்தி. இந்தச் சிலையின் களைப்பு தொடங்குவதே காலில். வலது காலில் எடை இறங்குவது, இடது காலை முன்னால் தளர்வாக விடுவது, இந்த இரண்டிலிருந்துதான் இடுப்பு சரிகிறது, அங்கிருந்து தோள், கடைசியில் தலை. உடலைச் செய்த கையே காலையும் செய்திருந்தால்தான் அந்தச் சரிவு அறுபடாமல் மேலே ஏறும். கோதே கண்டுகொண்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காகத் தெல்லா போர்த்தாவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூலத்தைப் பார்க்காமலே, உடலின் சாய்வை மட்டும் வைத்து அவர் ஊகித்துச் செய்த கால்கள் அவை. அவற்றைத் தூக்கி எறியாமல் அதே கூடத்தில் வைத்திருப்பது அந்த அருங்காட்சியகம் செய்த நல்ல காரியம். கடலோடி, அடுத்த தடவை நேப்பிள்ஸ் போனால் முழங்காலுக்குக் கீழே இரண்டையும் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து இங்கே போடுங்கள். உளியோசை பார்த்துச் சொல்லட்டும்.

ஃபார்னேசே எருதுச் சிற்பமும் அதே குளியல் மண்டபத்தில் கிடைத்து அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.